செத்த கம்பெனியின் பூட்டு

நிம்மதியின் விலை நாலாயிரத்து இருநூறு ரூபாய். விற்பனை வரி தனி. 1992ஆம் வருடம் பங்காரு நாயுடுவுக்கு அந்த விலைக்குத்தான் விற்றேன். அவர் மூவாயிரத்தில் தொடங்கினார், நான் ஐயாயிரத்தில் தொடங்கினேன். இரண்டு காப்பி, ஒரு கோபம், நான் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பியது எல்லாம் முடிந்து அந்த இடத்தில் நின்றோம்.

நாங்கள் கோயமுத்தூர் பெரிய கடை வீதியில் பூட்டு விற்ற குடும்பம். வாங்க வருபவர் எந்தப் பையில் கைவிடுகிறார் என்பதை வைத்து அவர் என்ன விலைக்குப் படிவார் என்று சொல்லிவிடுவார் என் அத்தா. நான் கம்ப்யூட்டர் சாமான்களுக்கு மாறினேன். அதிலும் போய் விற்றது பூட்டுத்தான். வஜ்ரா என்று பெயர். பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி செய்தது. அதை ஏற்றிவிட்டால் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் அத்தனையையும் கலைத்து எவனுக்கும் புரியாத குப்பையாக்கி வைத்துவிடும். ஆறு இலக்க ரகசிய எண்ணை அடித்தால் குப்பை மறுபடி படமாகும், கடிதமாகும். தப்பாக அடித்தால் ஒரு வாய்ப்பு போகும். மொத்தம் ஐந்து வாய்ப்பு. ஐந்தும் போனால் குப்பை கடைசிவரை குப்பைதான்.

இன்னொன்றும் உண்டு. பிறகு சரியாக அடித்தாலும் போன வாய்ப்பு திரும்பி வராது. பெங்களூருக்குப் போன் போட்டு, சீரியல் நம்பர் சொல்லி, அவர்கள் தரும் மீட்பு எண்ணை அடித்தால்தான் மறுபடி ஐந்தாகும். இந்தக் கண்டிப்பைக் கூடுதல் சிறப்பு என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னவன் நான்தான். அந்தக் கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நாயுடுவுக்குப் பூட்டு தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஆவாரம்பாளையத்தில் அவருக்குப் பம்புசெட் பட்டறை. அதற்கு முந்தின வருடம் படம் வரைகிற ஆள் ஒருவன் புது மாடலின் படத்தைச் சுருட்டிக்கொண்டு எதிரி பட்டறைக்குப் போய்விட்டான். அன்றைக்கு நாயுடு ஆபீசில் இருந்த தாள் அத்தனையையும் உலையில் போட்டார். இனிமேல் படம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான், வரைவது மகள் கோமளாதான் என்று ஏற்பாடு. கோமளா பி.ஈ. மெக்கானிக்கல். வார்ப்புக்கு என்று படம் அச்சடித்தாலும் வேலை முடிந்ததும் நாயுடுவே வாங்கி, எட்டாகக் கிழித்து, எட்டு துண்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் குப்பையில் போடுவார்.

எண் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். காலை ஒன்பது மணிக்கு வருவார். கோமளா நாற்காலியை விட்டு எழுந்து சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். நாயுடு தோளில் இருக்கும் துண்டை எடுத்துக் கீபோர்டின் மேல் போர்த்தி, இரண்டு கையையும் உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். பார்ப்பதற்குச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரியே இருக்கும். நாலு வருடத்தில் ஒருமுறைகூட விரல் தப்பவில்லை. அதுதான் அவருக்குப் பெருமை. எனக்கு அதுதான் பயம்.

1995 கடைசியில் வஜ்ரா கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். நான் ஓடினேன்.

"ஏனுங்ணா, வஜ்ரா கம்பெனி மூடிட்டாங்க."

"அப்பிடீங்களா. பாவம்."

"பாவம் அவிய இல்லீங்ணா, நீங்க. அந்தப் பூட்ட இனி வெச்சுக்கறது பத்திரமில்லீங்க."

நாயுடு காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க பாய், பூட்டுச் செஞ்சவன் செத்துப்போனா பூட்டு தானா தொறந்துக்குமுங்களா? உங்க அத்தா எங்கய்யனுக்கு வித்த பூட்டு இன்னும் எங்க குடோன்ல தொங்குது. செஞ்சவன் எங்க இருக்கறான்னு நமக்கு என்ன சோலி?"

"அது கெட்டுப்போனா சுத்தியலால ஒரே போடா போட்டு ஒடச்சுப்போடலாமுங்க. இத எத வெச்சு ஒடைப்பீங்க?"

"ஒடைக்கவே முடியாதுன்னு சொல்லித்தான வித்தீங்க?"

"ஆமாங்க."

"இப்பவும் ஒடைக்க முடியாதுங்கறீங்க?"

"ஆமாங்க."

"அப்பறம் என்னுங்க? சொன்ன மாதிரித்தான இருக்குது."

என் சரக்கின் பெருமையை வைத்தே என் வாயை அடைத்தார். நான் விடவில்லை. பூட்டுக்கு இரண்டு வேலை உண்டு என்றேன். அடுத்தவனை உள்ளே விடாமல் இருப்பது ஒன்று. சொந்தக்காரனை உள்ளே விடுவது இன்னொன்று. முதல் வேலையை வஜ்ரா இன்னும் செய்யலாம். இரண்டாவதற்கு இனிமேல் யாரும் பொறுப்பில்லை. கம்ப்யூட்டர் பழைய 386. நாளைக்குப் புதுசு வாங்கினால் வஜ்ரா அதில் ஏறாது. எண் மறந்துபோனால் கேட்க ஆளில்லை. முதல் வேலையிலும் சந்தேகம்தான். மீட்பு எண்களை எழுதி வைத்த நோட்டு அந்தக் கம்பெனி மேஜை டிராயரில் இருந்ததாம். மேஜையை ஏலத்தில் விட்டார்கள். நோட்டோடு போனதா, நோட்டில்லாமல் போனதா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

நாயுடு என்னையே பார்த்தார். பேரம் பேசும்போது அந்தப் பார்வை வந்தால் என் அத்தாவே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

"புதுப் பூட்டு என்ன வெலைங்க பாய்?"

"ஐயோ, நான் விக்க வல்லீங்ணா! ஒண்ணும் வாங்க வேண்டாம். படங்கள மட்டும் பிளாப்பியில எடுத்து இரும்புப் பெட்டியில வெச்சுப்போடுங்க."

"பிளாப்பி யாருகிட்ட வாங்கோணும்?"

நானும் எழுந்து தண்ணீர் குடித்தேன்.

"உங்ககிட்டத்தானுங்களே?" என்றார் நாயுடு, மிக மரியாதையாக.

நாற்பத்து நாலு வருடத்தில் லாபமே இல்லாமல் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதற்குத்தான் இந்த மரியாதை. மூன்று மாதத்தில் நாலு முறை போனேன். சும்மாவே தருகிறேன் என்று பத்து பிளாப்பியை மேஜைமேல் வைத்தேன். "சும்மா குடுக்கறீங்கன்னா அதுக்குள்ள என்னமோ இருக்குது" என்று திருப்பித் தந்துவிட்டார். கோமளா வாசல்வரை வந்தாள். "விடுங்க பாய். எங்கப்பா டாக்டர் சொன்னாலும் மருந்து கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்தான்னுதான் சொல்லுவாரு" என்றாள்.

1996 ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சூலூர்ப் பக்கம் ஒரு விசைத்தறி ஷெட்டில் மோட்டார் பார்க்கப் போன நாயுடு மணலில் ஸ்கூட்டர் சரிந்து விழுந்தார். தொடை எலும்பு முறிவு. காலைத் தூக்கிக் கட்டி, எடை தொங்கவிட்டு, ஆறு வாரம் அசையக்கூடாது என்றுவிட்டார்கள். எண்ணும் அவரோடு படுத்துவிட்டது.

நேரம் பார்த்து விழுந்திருந்தார். உடுமலைப்பேட்டை வியாபாரி ஒருவர் தென்னந்தோப்புக்காரர்களுக்காக இருநூறு நீர்மூழ்கி பம்பு கேட்டிருந்தார். அந்தக் கோடையில் கிணறெல்லாம் போர்வெல்லாகிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் கரண்டு இறங்கி, பம்பெல்லாம் உறுமிவிட்டு நின்றுவிடும். குறைந்த வோல்டேஜிலும் தண்ணீர் தள்ளுகிற மாதிரி ஓர் இம்பெல்லரைக் கோமளா வரைந்திருந்தாள். பம்புக்குள் சுழன்று தண்ணீரை மேலே தள்ளும் சக்கரம் அது. ஒன்றரை வருடம் முப்பத்தொரு தடவை செய்து, ஓட்டி, உடைத்து, இறக்கையின் வளைவை நூலளவு நூலளவாக மாற்றிக் கண்டுபிடித்தது. கடைசிப் படம் ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருந்தது, அச்சுக்கே போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை, வார்ப்புக்கு மர அச்சு செய்கிற பேட்டர்ன் ஆசாரி கையில் படம் இருந்தால்தான் மாதிரி பம்பு தேதிக்குப் போகும். இல்லையென்றால் ஆர்டர் எதிரி பட்டறைக்கு. ஆர்டர் போனால் மறுபடி வாங்கலாம். அந்த ஒன்றரை வருடத்தை எங்கே போய் வாங்குவது?

புதன்கிழமை கோமளா ஆஸ்பத்திரிக்குப் போய் எண்ணைக் கேட்டாள். நாயுடு கண்ணால் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். அங்கே சிறுநீரகக் கல்லோடு படுத்திருந்தவன் எதிரி பட்டறை சூப்பர்வைசர். வாயால் சொல்ல முடியாது. எழுதித் தரச் சொன்னாள். "எழுத்து இன்னொருத்தன் கண்ணுல படும்" என்றார். பிறகு போர்மேன் ராசப்பனைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

ராசப்பன் அந்தியூர்க்காரர். பட்டறைக்கு வருவதற்கு முன்னால் மாட்டுத் தரகு. அந்தியூர்த் தேரின்போது நடக்கும் சந்தைக்கு வருடாவருடம் இருவரும் சேர்ந்து போவார்கள். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டைப் போர்த்தி, அதற்குள் கையைப் பிடித்து, விரலை அழுத்தியே பேசி முடித்துவிடுவார்கள். ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு, முழுக் கை ஐந்து, அதற்கு மேல் மடித்துப் பிடித்தால் ஆறு முதல் ஒன்பது. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு கைக்குத்தான் தெரியும்.

நாயுடு துண்டை எடுத்தார். ராசப்பன் கையை நீட்டினார். முடிந்தது.

படம் வரைந்தவள் பக்கத்தில் நிற்கிறாள். சாவி போர்மேன் கைக்குப் போகிறது. ஏனென்றால் துண்டுக்குள் பொம்பளைக் கை வந்து யாரும் பார்த்ததில்லை.

மதியம் கோமளா எனக்குப் போன் செய்தாள்.

"பாய், நீங்க ஒடனே வாரீங்களா? மீதம் ஒண்ணுன்னு காட்டுதுங்க."

பட்டறை ஆபீசில் ராசப்பன் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கீபோர்டின் மேல் அவருடைய துண்டு. திரையில் 'மீதம்: 1'.

"எப்பிடிங்க நாலு போச்சு?" என்றேன்.

"அம்மணி பேங்குக்குப் போயிருந்தாங்க. மொதலாளி யாரு பக்கத்துலயும் வெச்சு அடிக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு. கதவச் சாத்திட்டு அடிச்சனுங்க."

"என்ன அடிச்சீங்க?"

"அத உங்ககிட்ட சொல்லக் கூடாதுங்களே."

"எண்ணச் சொல்ல வேண்டாமுங்க. எத்தன எண்ணு குடுத்தாரு?"

"நாலு."

"ஆறு வேணுமே!"

"அதுதானுங்க. மாட்டு வெலையில சைபரெல்லாம் கைல சொல்லறதில்ல. ஆயிரமா நூறான்னு மாட்டப் பாத்தாலே தெரியும். சைபரு கடைசீலதான வரும்? நாலையும் அடிச்சு ரெண்டு சைபரப் போட்டனுங்க. தப்புன்னுது. நம்ம கைதான் தடுமாறிப் போச்சோன்னு மறுக்கா அதையே அடிச்சனுங்க."

"அதையேவா!"

"ஆமாங்க. அப்பறம் சைபர முன்னால போட்டன். அப்பறம் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"திரையில நாலு, மூணு, ரெண்டுன்னு கொறஞ்சுட்டு வருதே, பாக்கலீங்களா?"

"கிட்டத்துல வந்துட்டோம்னு காட்டுதுன்னு நெனச்சனுங்க."

கோமளா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாலு வருடப் பழக்கம்.

"ஏனுங்க ராசப்பா, மொதத் தடவ தப்பாப் போனதும் ஒரு ஆட்டோப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயி கேட்டிருக்கலாமுல்லங்க?"

ராசப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கை புடிச்ச தரகன் திரும்பப் போயி, என்ன சொன்னீங்கன்னு கேப்பானுங்களா? இருவத்தஞ்சு வருசத்துல ஒரு கையி நான் தப்பா எடுத்ததில்லீங்க. என்ற மானம் என்னாவறது?"

அவர் மானத்துக்கு நாலு வாய்ப்பு செலவு. எனக்கு ஒரு நப்பாசை. பெங்களூர் நம்பரைச் சுழற்றினேன். அந்த நம்பர் இப்போது ஒரு கல்யாண மண்டபத்துடையது. "எந்தத் தேதி வேணும்?" என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் என்றேன். ஆவணி வரைக்கும் இடமில்லையாம்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குக் கோமளாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாயுடு காலைத் தொங்கவிட்டபடி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரன் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். காது மட்டும் விழித்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். நாயுடு ஒரு சுளையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"ராசப்பன் கை தப்பாதுங்க பாய். உங்க பூட்டுத்தான் கெட்டுப் போச்சு."

"நீங்கதானுங்ணா பூட்டு நல்லா இருக்குதுன்னு மூணு மாசமா சொன்னீங்க!"

"கெடுதல் உங்க வாயில இருந்துதான வந்துது. நாலு தடவ வந்து சொன்னீங்க. நாலு தடவ தப்பிப்போச்சு."

எனக்கு அப்போது எழுந்து நாயுடுவின் காலில் தொங்கிய எடையில் இன்னும் இரண்டு கிலோ சேர்க்கத் தோன்றியது. அதற்குள் கோமளா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா. என்கிட்ட சொல்லுங்க."

"இங்கயா? வாய்ல சொல்ல முடியாது கண்ணு."

"வாய்ல வேண்டாம். கைல சொல்லுங்க." அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டு நீட்டினாள்.

நாயுடு சிரிக்கப் பார்த்தார். "இது மாட்டு யாவாரம். உனக்குத் தெரியாது."

"அந்த எறக்க வளைவு உங்களுக்குத் தெரியுமாப்பா? முப்பத்தொரு தடவ ஒடச்சது நானு. பழைய தாளெல்லாம் உலைல போட்டீங்க. சரின்னேன். தெனமும் செவத்தப் பாத்து நில்லுன்னீங்க. நின்னேன். இன்னும் ஒரு தடவ தப்புனா அந்தப் படம் இல்லப்பா. எனக்கு அத மறுபடியும் வரையத் தெரியாது. வளைவு ஒவ்வொண்ணும் ஒரு எண்ணு. எல்லாம் அதுக்குள்ள கெடக்குது. நீங்க இந்தக் கைல சொல்றீங்களா, இல்ல நான் போயி அஞ்சாவதயும் கண்ணை மூடிட்டு அடிச்சுப் போடட்டுங்களா? ஒரேயடியாத் தொலையட்டும்!"

பக்கத்துக் கட்டிலில் குறட்டை நின்றுவிட்டது.

நாயுடு மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாய், அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றார். திரும்பினேன். சுவரில் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தையின் படம். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல இருந்து. மெதுவா" என்றாள் கோமளா.

துண்டு சரசரத்தது. பிறகு அவள் குரல். "நில்லுங்க. எதுக்குக் கையை விட்டீங்க?"

"விட்டேன்."

"அதான், எதுக்கு?"

"அதான் கண்ணு அது. புடிக்க ஒண்ணுமில்லீன்னா விட்டுப்போட வேண்டியதுதான?"

"சைபருங்களா?"

"சத்தமாச் சொல்லாத!"

ராசப்பனுக்கும் அப்படித்தான் இரண்டு இடத்தில் கையை விட்டிருக்கிறார். அவர் சொறிந்துகொள்ளத்தான் விட்டார் என்று போர்மேன் பாட்டுக்கு அடுத்த விரலுக்குக் காத்திருக்கிறார். சந்தையில் சைபருக்குக் கை கிடையாது. நாயுடு அங்கேயே ஒன்றை உண்டாக்கி, எதிராளிக்கும் புரிந்ததாக வைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருடம் ஒன்றாகச் சந்தைக்குப் போன இருவர்.

கோமளா மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தாள். மூன்று முறையும் அதே ஆறு எண் வந்தது. அவளுடைய முறை அது. எதையும் மூன்று முறை ஓட்டிப் பார்க்காமல் ஒப்பமாட்டாள்.

பட்டறைக்குத் திரும்பினோம். அவள் உட்கார்ந்தாள். நான் சொல்லாமலே சுவரைப் பார்த்து நின்றேன். ராசப்பனும் நின்றார். நாலு விசைச் சத்தம் கேட்டேன், ஐந்தாவது, ஆறாவது. பிறகு நீளமாக ஒன்றுமே கேட்கவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரத்தில் மூச்சை அடக்கியிருக்கிறேன், அத்தனையும் நடிப்பு.

பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடத் தொடங்கியது.

"தொறந்துருச்சுங்க பாய்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

படங்கள் பன்னிரண்டு பிளாப்பியில் ஏறின. இரண்டு படி எடுத்தோம். வெள்ளிக்கிழமை காலை ஆசாரியின் கையில் படம் இருந்தது. மாதிரி பம்பு தேதிக்கு உடுமலைப்பேட்டை போய், நூற்றைம்பது வோல்டில் தண்ணீரைத் தள்ளியது. பிளாப்பிகளைக் கோமளா தன் பீரோவில் சேலைக்கடியில் வைத்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் உலைதான், அது இன்னும் எரிகிறது.

ஆறு வாரம் கழித்து நாயுடு ஊன்றுகோலோடு ஆபீசுக்கு வந்தார். நான் புதுப் பூட்டை, அசல் விலைக்கும் கீழே, கையிலேயே கொண்டுபோயிருந்தேன்.

"எதுக்குங்க பாய்?" என்றார். "ராசப்பன் மாதிரி நம்பிக்கையான ஆளு நாலு தடவ முட்டிப் பாத்தும் அது தொறக்கல. இதவிடப் பத்திரம் என்ன வேணுமுங்க?"

"உங்க மகளுக்கும் தொறக்கலீங்ணா!"

"எண்ணு தெரிஞ்சதும் தொறந்துதுங்களே."

"ஏனுங்ணா, மீதம் ஒண்ணுதான் இருக்குது. அத அஞ்சாக்கறதுக்கு ஆளில்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ விரல் நழுவுனா..."

"எனக்கு நழுவாதுங்க" என்றார். துண்டை எடுத்துக் கீபோர்டின் மேல் போர்த்தினார். ஊன்றுகோல் இடித்து மேஜை ஆடியது. நானும் கோமளாவும் ராசப்பனும் சுவரைப் பார்த்து நின்றோம். பழைய ஹார்ட் டிஸ்க் கரகரத்தது. மூவரும் மூச்சு விட்டோம்.

எண் என்னவென்று இங்கே எழுத முடியாது. இன்றைக்கும் அதையேதான் வைத்திருக்கிறார். போன வாரம் போனபோது கம்ப்யூட்டரின் தலையில் கோமளா ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். நாயுடு அதைக் கிழிக்கவில்லை. அதில் ரகசியம் எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

மொத்த வாய்ப்பு: 5.
செலவு, ராசப்பன் வகையில்: 4.
வரவு: இல்லை.
இருப்பு: 1.